அமாவாசையன்று அசையாத சுவர்

அபிதகுசாம்பாள் என்பது அவருடைய பெயர். அந்தப் பெயரைச் சுருக்கி அழைக்க அவர் எவரையும் விட்டதில்லை. வருகைப் பதிவேடானாலும் வங்கித் தாளானாலும் ஓரெழுத்தும் குறையாமல் எழுதுவார். ஆரணியில் நெசவாளர் தெரு ஒன்றின் கோடியில் இருக்கும் அரசு தொடக்கப் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியராக வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. நாள்தோறும் காலை எட்டேகால் மணிக்குப் பள்ளிக் கதவைத் தம் கையாலேயே திறப்பார். கைப்பையில் எப்போதும் இரண்டு பேனாக்கள் இருக்கும். நீல மை எழுதுவதற்கு. பச்சை மை கையொப்பத்திற்கு. எந்தத் தாளையும் இருமுறை படித்து முடிக்காமல் பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றமாட்டார்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. பெற்றோர் கூட்டம், மருத்துவப் பரிசோதனை, அதிகாரிகளின் வருகை ஆகியவற்றை இயன்றவரை அமாவாசை நாளிலேயே வைத்துக்கொள்வார். பள்ளியின் கிழக்குச் சுவரும் பக்கத்து விசைத்தறிக் கொட்டகையின் சுவரும் ஒன்றே. அங்கே எட்டுத் தறிகள் காலை ஆறு மணிக்கு ஓடத் தொடங்கினால் இரவுவரை ஓயமாட்டா. கிழக்கு அறையில் பாடம் நடத்துபவர் பாதியை வாயாலும் பாதியைக் கரும்பலகையாலும் சொல்லவேண்டியிருக்கும். அமாவாசையன்று மட்டும் அந்தத் தெருவில் எவரும் தறியைத் தொடுவதில்லை. பெற்றோர்களுக்கும் அன்று ஓய்வு. பேசுவதும் காதில் விழும். பிள்ளைகளுக்குச் சொல்வது எழுதுதல் வைப்பதும் அன்றுதான்.

அதனால் கட்டடத்தைச் சோதிக்க வரும் பொறியாளரையும் அவர் ஆவணி அமாவாசையன்றே வரச் சொல்லியிருந்தார். அது வெள்ளிக்கிழமை. முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் சேர்ந்து இருபத்தாறு பிள்ளைகள் உட்காரும் கிழக்கு அறையில், கிழக்குச் சுவரில் செங்கல் வைத்து அடைத்த பழைய சன்னலின் மூலையிலிருந்து கூரைவரை ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. பொறியாளர் அதைத் தட்டிப் பார்த்தார்; உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுவர் அசையாமல் நின்றது.

"பூச்சு வெடிப்புதான் மேடம். டவுட்டா இருந்தா குறுக்க ஒரு பேப்பர ஒட்டி வைங்க. கிழிஞ்சா வெடிப்பு ஓடுதுன்னு அர்த்தம்," என்று சொன்னவர், அங்கேயே நின்று கைப்பேசியில் 'நல்ல நிலை' என்று அறிக்கையை ஏற்றிவிட்டுத் தேநீர் அருந்திச் சென்றார்.

தலைமையாசிரியர் பழைய விடைத்தாளிலிருந்து ஒரு துண்டை நறுக்கித் தேதி எழுதி ஒட்டினார். திங்களன்று அது கிழிந்திருந்தது. பிள்ளைகளின் விரல் பட்டிருக்கும் என்று எண்ணி, அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இரண்டாவது துண்டை ஒட்டினார். புதனன்று அதுவும் கிழிந்தது. அன்று மாலை மூன்றாவது துண்டை ஒட்டிவிட்டு வீடு சென்றவர் சரியாக உண்ணவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. காலை ஒன்பது மணிக்குள் கைப்பேசியில் ஏழு நினைவூட்டல்கள் வந்துவிட்டன. பருவமழைக்கு முந்தைய பாதுகாப்புப் படிவத்தை மாலை ஐந்து மணிக்குள் இணையதளத்தில் நிறைவு செய்யவேண்டும் என்றது 'மிக மிக அவசரம்' என்று தொடங்கிய முதல் செய்தி. இரண்டாவது செய்தி அதையே மூன்று வியப்புக்குறிகளுடன் கூறியது. நான்காவதில் முடிக்காத பள்ளிகளின் பட்டியல் இருந்தது. பத்து மணிக்குப் பதினொன்றாக இருந்த அந்தப் பட்டியல் நண்பகலுக்குள் ஒன்றாகச் சுருங்கியது. செய்திகள் யாவும் ஒரே வரியில் முடிந்தன: 'காலதாமதத்திற்குத் தலைமையாசிரியரே முழுப் பொறுப்பு.'

படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தவர் பள்ளியின் மற்றோர் ஆசிரியையான சுகன்யா.

"மேடம், எல்லாம் முடிஞ்சிது. ஏழாவது கேள்விதான் நிக்குது."

"படிங்க."

"'அனைத்து வகுப்பறைச் சுவர்களும் பாதுகாப்பான நிலையில் உள்ளனவா?'"

"இல்லைன்னு போடுங்க."

"போட்டுப் பாத்துட்டேன் மேடம். செவப்புக் கட்டம் வருது. இன்ஜினியர் ரிப்போர்ட்ல நல்ல நிலைன்னு இருக்குதாம். நம்மளத்தான் திருத்தச் சொல்லுது. ஆமான்னு போட்டாத்தான் அடுத்த பக்கம் போவுது. அப்புறம் உங்க போனுக்கு ஓடிபி வரும். அதச் சொல்லிட்டா முடிஞ்சிது."

"என் கையெழுத்து?"

"ஓடிபிதான் மேடம் கையெழுத்து."

ஆறு இலக்கங்கள். இருமுறை படிப்பதற்கு அவற்றில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. உடனே பொறியாளரை அழைத்துத் துண்டுகள் கிழிந்ததைச் சொன்னார்.

"ரிப்போர்ட் லாக் ஆயிடுச்சு மேடம். மேலேர்ந்துதான் தொறக்கணும். நான் வந்தப்ப சுவரு ஆடவே இல்லியே?"

"அன்னிக்கு அமாவாசைங்க சார். இங்க தறி ஓடாது."

பொறியாளர் மெல்லக் கேட்டார்: "தெரிஞ்சே ஏன் மேடம் என்ன அமாவாசையில வரச் சொன்னீங்க?"

ஓசையின்றிப் பேசலாம் என்ற வசதிக்காக நாள் குறித்தவர் தலைமையாசிரியரே.

கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டுக் கிழக்கு அறைக்குச் சென்றார். சன்னல் மேடையைச் சுற்றி ஐந்தாறு பிள்ளைகள் குனிந்து நின்றிருந்தனர். மேடையில் சுவரை ஒட்டி வரிசையாகப் புளியங்கொட்டைகள் இருந்தன. அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே நகர்ந்து விளிம்பை நோக்கி வந்துகொண்டிருந்தன.

"டீச்சர், ஊதக்கூடாது. கை வெக்கக்கூடாது. தானா நடக்கணும்," என்று விதியை விளக்கினாள் இரண்டாம் வகுப்பில் படிக்கும் தேவிப்ரியா. "எது மொதல்ல வுழுதோ அது அவுட்டு. நான் டெய்லி அவுட்டு."

ஒன்பது ஆண்டுகளாக அந்த விளையாட்டை அவர் கண்டிருக்கிறார். கண்டு சிரித்துமிருக்கிறார். இன்று உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். காய்ச்சல் கண்ட உடல்போல அது நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது துண்டு நடுவில் இரண்டாகியிருந்தது. இடைவெளியில் அவருடைய நகம் நுழைந்தது.

"எல்லாரும் பைய எடுத்துகினு வராந்தாவுக்கு வாங்க," என்றார்.

உணவு இடைவேளையில் விசைத்தறிக் கொட்டகையின் உரிமையாளரான வீரபாகு வந்தார். பள்ளிக்கு இரண்டு மின்விசிறிகளை அளித்தவர் அவர். இறக்கைகளில் அவருடைய பெயர் எழுதப்பட்டிருக்கும். மின்சாரம் நின்றால்தான் அதைப் படிக்க முடியும்.

"இன்னா டீச்சர், பசங்கள வெளிய ஒக்கார வெச்சிகினு கீறீங்க? நம்ம ஃபேன் ஓடலியா?"

"ஃபேன் ஓடுதுங்க. சுவரும் சேந்து ஓடுது."

வீரபாகு உரக்கச் சிரித்தார். "அது எங்க தாத்தா கட்ன சுவரு டீச்சர். ஸ்கூலு அப்புறம் வந்துதான் அத்தோட ஒட்டிகினுச்சு."

"தாத்தா காலத்துல கைத்தறிங்க. இப்ப எட்டு பவர்லூம். சுவரோரமா இருக்கற ரெண்டையாவது நகத்தி வைங்க. சுவர் நல்லா இருக்குதான்னு இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நான் பதில் போடணும்."

"நகத்த அது இன்னா நாற்காலியா? கான்கிரீட் போட்டு போல்ட்டு முடுக்கி கீது. ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் நிக்குது டீச்சர், இப்ப போயி!" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணு சொல்றேன். சாயந்திரத்துக்குள்ள மேஸ்திரிய அனுப்பறேன். ஒரு பூச்சு பூசி, சுண்ணாம்பு அடிச்சி, போட்டோ புடிச்சி ஏத்திடுங்க. ஜல்தியா முடிஞ்சிடும்."

"பூசிட்டா வெடிப்பு நம்ம கண்ணுக்குத்தான் மறையும். சுவருக்கு அப்படியேதான் இருக்கும்."

வீரபாகுவின் முகம் மாறியது. "சரி, நீங்க இல்லன்னு எழுதுவீங்க. ஸ்கூலையே மூடுன்னு ஆர்டர் வரும். அம்பத்தெட்டு பசங்களும் எங்க போவும்? உங்களுக்கு இன்னா, வர்ற மே மாசம் ரிடையர் ஆயி ஊட்டுக்குப் பூடுவீங்க. தெருவுல கீறவங்க நாங்கதான?"

அந்தச் சொல் அவரைத் தைத்தது. ஏனெனில் அதில் பொய் இல்லை. ஆம் என்று பதிந்தால் பள்ளி இருக்கும். பிள்ளைகள் அந்தச் சுவரின் அடியில் மழைக்காலம் முழுவதும் உட்காருவார்கள். இல்லை என்றால் பள்ளியே இல்லாமற்போகலாம்.

இரண்டு மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவியான கன்னியம்மாவை வரவழைத்தார். படவேட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, அரிசி ஆலை ஒன்றில் கூலி வேலை செய்பவர், தேவிப்ரியாவின் தாய். தலையிலும் புருவத்திலும் தவிட்டுத் தூசியோடு வந்து நின்றார். தலைமையாசிரியர் எதையும் மறைக்காமல் கிழிந்த துண்டுகளைக் காட்டினார்.

கன்னியம்மா வெடிப்பை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இதுக்குக் கீழயா எம்பொண்ணு ஒக்காந்துகினு இருந்தா?"

"ஆமா."

"உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"திங்கக்கிழமையிலேர்ந்து."

"நாலு நாளா தெரிஞ்சும் ஒக்கார வெச்சியா டீச்சர்?"

ஒன்பது ஆண்டுகளில் அந்தப் பள்ளியில் எவரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. "வெச்சேன். தப்புதான்," என்றார்.

வராந்தாவில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தனர். கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத மூடிட்டா மெயின் ரோட்டுக்கு அந்தாண்ட இஸ்கோலுக்குத்தான் போவணும். எங்க மில்லு லாரிங்க எப்புடி வருதுங்கன்னு நான் தெனம் பாக்கறேன்."

"தெரியும் கன்னியம்மா. அதனாலதான் உங்களக் கேக்காம எழுத வேணாம்னு இருக்கேன்."

"லாரி வந்தா கண்ணுக்குத் தெரியும், கையப் புடிச்சி இழுத்துக்கலாம். இது வுழுந்தா இன்னா பண்றது?" சற்று நின்று, "எழுது டீச்சர். நான் கையெழுத்து போடறேன். வீரபாகு கேட்டாருன்னா கன்னியம்மா சொன்னான்னே சொல்லு. அவரு ஃபேன கழட்டிகினு போனா போவட்டும், காத்து வெளிய நெறைய கீது," என்றார்.

தீர்மான நோட்டைத் திறந்து தலைமையாசிரியர் நீல மையில் எழுதலானார். தம் பிழையையே முதலில் எழுதினார். 'பொறியாளரை அமாவாசையன்று வரவழைத்தவள் நான். அன்று தறிகள் ஓடவில்லை. ஆகவே அவர் கண்டது ஓய்ந்திருந்த சுவரை. தறிகள் ஓடும் நாளில் மறுபடியும் சோதிக்கவேண்டும். அதுவரை கிழக்கு அறை பாதுகாப்பற்றது எனத் தெரிவிக்கிறேன்.' அதையே கடிதமாகவும் படி எடுத்து, மூன்று துண்டுகளையும் தேதி தெரியும்படி ஊசியால் கோத்தார். கன்னியம்மா எழுத்துக்கூட்டிக் கையெழுத்திட்டார். தலைமையாசிரியர் இரண்டையும் இருமுறை படித்தபின் பச்சைப் பேனாவைத் திறந்தார். மூன்றரை மணிக்குச் சுகன்யா அந்தக் கடிதத்தை வட்டார அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு ரசீதோடு திரும்பினார்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. திரையில் ஆறு இலக்கங்கள் தோன்றின. அடுத்த நொடியே அழைப்பும் வந்தது. வட்டார அலுவலகத்தில் விவரங்களைத் தொகுக்கும் ராஜ்குமார் பேசினார்.

"மேடம், உங்களுக்காக நானே இங்கேர்ந்து ஆமான்னு போட்டுட்டேன். ஓடிபி வந்திருக்கும் பாருங்க. சொல்லுங்க."

"வந்திருக்கு சார்."

"சொல்லுங்க மேடம். நூத்தி நாப்பது ஸ்கூல்ல உங்க ஒண்ணுதான் செவப்புல நிக்குது. மேலேர்ந்து ஒரே பேஜார் பண்றாங்க."

"ஒண்ணு கேக்கட்டுங்களா சார்? எல்லா மெசேஜ்லயும் கடைசியில, தலைமையாசிரியரே முழுப் பொறுப்புன்னு போடறீங்களே?"

"அது ஃபார்மட் மேடம். எல்லாத்துக்கும் போடறதுதான்."

"நான் நெஜம்னு நெனைச்சிட்டேன் சார்."

ராஜ்குமார் சிரித்தார், ஆனால் மறுமுனையில் சிரிப்பில்லை என்பதை உணர்ந்து நிறுத்திக்கொண்டார். "மேடம், மெமோ வரும். நல்லபடியா ரிடையர் ஆவற நேரத்துல எதுக்கு இந்த வீம்பு? மூணு நிமிஷம்தான் கீது, அப்புறம் அது செல்லாது."

"மெமோ வரட்டுங்க. ரெண்டு தடவ படிச்சிட்டு வாங்கிக்கறேன்."

"ஸ்கூல மூடச் சொன்னா?"

"அதையும் எழுத்துல குடுங்க சார். யாரு முழுப் பொறுப்புன்னு கீழ போட்டுக் குடுங்க."

ராஜ்குமார் பெருமூச்சு விட்டார். பக்கத்துக் கொட்டகையில் எட்டுத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. கிழக்கு அறையின் சாவி மேசைமேல், பச்சைப் பேனாவின் அருகில் இருந்தது. தலைமையாசிரியரின் அலமாரியும் நாற்காலியும் நான்கு மணிக்கே வராந்தாவுக்கு வந்துவிட்டன.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். நம்பர நான் சொல்லமாட்டேன். கிழக்கு ரூம பூட்டிட்டேன். நாளையிலேர்ந்து அந்த ரெண்டு வகுப்பும் என் ரூம்ல நடக்கும்."