டத்தோ வரும்வரை காத்திருந்த கப்பல்

ஏழு மாதம் விண்வெளியில் தன்னந்தனியாகச் சுற்றியபோதுகூட வராத பயம், புனிதாவுக்கு பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்றே காலுக்கு வந்தது. கழகத் தலைவர் சோமசுந்தரம் மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அவள் காதருகே குனிந்து, "அப்படியே நிறுத்தி வைம்மா. டத்தோ இன்னும் வரல" என்றார். டத்தோ என்ற அரச பட்டம் வாங்கிய பிரமுகர்தான் அன்றைய விழாவின் சிறப்பு விருந்தினர்.

"நிறுத்தி வைக்கிறதா? அண்ணே, இது என்ன கிள்ளான் பஸ்ஸா?"

"பத்து நிமிஷம்லா. ஹைவேல ஜாமாம்."

விண்வெளி என்றால் நிஜ விண்வெளி இல்லை, கணினி விளையாட்டு. ஆனால் 'விளையாட்டு' என்ற சொல்லைக் கழகத்துக்குள் யாரும் உச்சரிக்கக் கூடாது. 'மெய்நிகர் விண்வெளி ஆய்வு' என்றுதான் சொல்ல வேண்டும் என்று தீர்மானம் போட்டு, முன்மொழிந்து, வழிமொழிந்து, தேநீரும் குடித்தாயிற்று. கழகத்தின் முழுப்பெயர் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் விண்வெளி ஆய்வுக் கழகம். உறுப்பினர்கள் பதினொரு பேர். அதில் பத்துப் பேருக்குப் பதவி உண்டு. பதினொன்றாவது ஆள் புனிதா. கப்பலை ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால், அவளுக்குப் பதவி எதுவும் தேவைப்படாது என்று விட்டுவிட்டார்கள்.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. கிள்ளானில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷமாகப் படிவம் நிரப்புகிறாள். அனுப்புகிறவர் பெயர், பெறுகிறவர் பெயர், கப்பல் பெயர், கண்டெய்னர் எண் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. நிரப்புகிறவள் பெயருக்குக் கட்டம் இல்லை. இந்த விளையாட்டில் இருந்தது. அதுவரை யாருமே போகாத ஒரு நட்சத்திரத்துக்கு முதலில் போனால், 'முதலில் கண்டவர்' என்று அதன் கீழே அவர் பெயர் நின்றுவிடும். பின்னால் உலகத்தின் எந்த மூலையிலிருந்து எவன் அங்கே வந்தாலும் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

ஆனால் கண்டால் மட்டும் போதாது. கண்டதைப் படமாக வரைந்து, கப்பலில் வைத்துப் பத்திரமாகத் திரும்பி, நிலையத்து அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும் முன் கப்பல் வெடித்தால் வரைபடம் அத்தனையும் சாம்பல். விட்ட இடத்திலிருந்து தொடங்குவது, இன்னொரு உயிர் எடுப்பது என்ற சலுகையெல்லாம் அங்கே கிடையாது.

புனிதாவின் கப்பலில் ஆறாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு நட்சத்திரங்கள் இருந்தன. ஒன்றுகூட ஒப்படைத்ததில்லை.

அத்தனை தூரம் அவள் வீரத்தால் போகவில்லை. பயத்தால் போனாள். எரிபொருளைச் சில நட்சத்திரங்களின் விளிம்பில் உரசிப் போய் அள்ளிக்கொள்ளலாம். செத்துப்போன நட்சத்திரங்களில் ஒரு சொட்டும் கிடைக்காது. அதனால் ஒரு நட்சத்திரத்திலிருந்து அடுத்ததுக்குத் தாவுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் மூன்று தாவல் தள்ளிப் பார்த்துவைப்பாள். அப்படியும் ஒருமுறை, அடுத்தடுத்து நான்கு செத்த நட்சத்திரங்கள் வந்தன. ஐந்தாவதுக்குத் தாவ மட்டுமே எரிபொருள் மிச்சம். திரையில் கன்னங்கரேலென்று ஒரு வெளி. உதவி என்று கூப்பிட்டால் வந்துசேர யாருக்கும் மூன்று வாரமாகும். தாவும் பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது முட்டை மஞ்சள் மாதிரி ஒரு சூரியன். அன்றைக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

கப்பலின் முன்கண்ணாடியில் விரிசல் விழுந்தது மட்டும் அவள் குற்றமில்லை. மூன்று நாளைக்கு முன், ஈர்ப்பு அதிகமுள்ள ஒரு கிரகத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது சோமசுந்தரம் போன் செய்தார். பேனரில் தன் பெயருக்கு முன்னால் 'விண்வெளிச் செம்மல்' என்று போடுவதா, 'அண்டம் அளந்த அண்ணல்' என்று போடுவதா என்று அவசரமாகக் கேட்டார். "ரெண்டையும் போட்டுக்குங்க அண்ணே" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் கப்பல் பாறையில் மோதிவிட்டது. கப்பலின் உடம்பில் பத்தொன்பது சதவீதம்தான் மிஞ்சியது. ஓட்டுநர் முன்னாலிருக்கும் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி விரிசல். பேனரில் இரண்டு பட்டமும் வந்திருந்தன.

இன்று மண்டபத்துப் பெரிய திரையில், எல்லார் கண்முன்னாலும் அவள் வீடு திரும்புவதுதான் விழா. வீட்டுக்கு, அதாவது புறப்பட்ட நிலையத்துக்கு, இப்போது ஒரே ஒரு தாவல்தான் பாக்கி. அங்கேதான் நிற்கச் சொல்கிறார்.

"அண்ணே, இங்க நிக்கக் கூடாது. தூரத்துல ஆளே இல்ல, அதனால பயமில்ல. வீட்டுக்குப் பக்கத்துலதான் ஆளுங்க இருப்பாங்க. திரும்பி வர்ற கப்பலை வேட்டையாடுறதுக்குன்னே காத்துக்கிட்டு இருப்பாங்க. நம்ம கப்பல்ல ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது."

"நீ எப்ப வர்றேன்னு அவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

புனிதா மண்டபத்து வாசலைக் கைகாட்டினாள். வாசலில் தொங்கிய பேனரை அவளும் காலையில்தான் பார்த்தாள். முழுநிலா அளவுக்குச் சோமசுந்தரத்தின் முகம், அரைநிலா அளவுக்கு டத்தோவின் முகம், மூலையில் பல்லி அளவுக்குக் கப்பல். கீழே தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் கப்பல் வந்துசேரும் நாள், நேரம், நிலையத்தின் பெயர், கடைசித் தாவல் எந்த நட்சத்திரத்திலிருந்து என்ற விவரம், எல்லாவற்றுக்கும் அடியில் எறும்பு எழுத்தில் ஓட்டுகிறவள் பெயர். இதே பேனரை இரண்டு வாரத்துக்கு முன்பே முகநூலிலும் போட்டிருந்தார்கள்.

"திருடனுக்குப் பத்திரிகை வச்சுக் கூப்பிட்ட மாதிரி இருக்கு."

"விளம்பரம் இல்லாம எப்படிம்மா கூட்டம் சேரும்?"

கூட்டம் சேர்ந்துதான் இருந்தது. மண்டபத்தில் இரண்டு வரிசை. விண்வெளியில் ஒருவன்.

திரையின் ஓரத்து ரேடார் வட்டத்தில் ஒரு சிவப்புப் புள்ளி முளைத்ததை முதலில் பார்த்தவள் புனிதாதான். ஏழு மாதமாக அந்த வட்டத்தில் அவளுடைய புள்ளியைத் தவிர வேறு புள்ளியே கிடையாது. அது அவசரமில்லாமல் நெருங்கியது. பிறகு ஒரு வரி எழுத்து வந்தது.

'செலாமாட் பூலாங், காக்.'

வீடு வந்து சேருங்கள், அக்கா. இந்த நாட்டில் எல்லாரும்தான் மலாய் எழுதுகிறார்கள். எழுதியவன் யாராகவும் இருக்கலாம், பந்திங்கில் இருக்கலாம், அடுத்த தெருவில் இருக்கலாம். அவள் பெண் என்பதும், இன்று வீடு திரும்புகிறாள் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. பேனரை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவன்தான் போலிருக்கிறது.

"நான் கிளம்பறேன்" என்றாள்.

"இரும்மா! டத்தோ பாங்சார் தாண்டிட்டாராம்!"

அதற்குள் முதல் குண்டு விழுந்துவிட்டது. கப்பலின் பத்தொன்பது சதவீதம் பதினொன்றானது. விரிசல் கண்ணாடி முழுதும் ஓடிப் பரவி, அப்படியே வெளியே பறந்தது. அதோடு சத்தமும் போய்விட்டது. என்ஜின் சத்தம், எச்சரிக்கை மணி எல்லாம் நின்று, மண்டபத்து ஸ்பீக்கர்களில் ஒரே ஒரு ஓசை மட்டும் மிஞ்சியது. தலைக்கவசத்துக்குள் ஒருத்தி மூச்சு வாங்கும் ஓசை. திரையின் மூலையில் ஐந்து நிமிடம் என்று பிராணவாயுக் கணக்கு ஓட ஆரம்பித்தது.

மேடையில் அறிவிப்பாளர் உஷாராணி கையில் எழுதி வைத்திருந்ததைத்தான் படித்தாள். வேறு என்ன செய்வாள் பாவம். "இதோ... வெற்றித் திருமகளாய்... விண்ணை அதிரவைக்கும் வீர முழக்கத்தோடு..." என்று ஆரம்பித்தவள், ஸ்பீக்கரில் அந்த மூச்சைக் கேட்டதும் தாளைத் தாழ்த்திவிட்டாள்.

தாவுவதற்கு என்ஜின் சூடேற வேண்டும். பெரிய கப்பல் ஒன்று பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால் சூடேறாது. விலகி ஓடலாமென்றால் அவனுடையது வேகமான கப்பல். புனிதா நேராக நட்சத்திரத்தை நோக்கித் திரும்பினாள். எரிபொருள் அள்ளும் விளிம்பு அவளுக்குத் தெரியும். ஏழு மாதம் அங்கேதான் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். அதையும் தாண்டி உள்ளே போனாள். திரை முழுதும் வெள்ளை நெருப்பு. பதினொன்று ஒன்பதானது, ஏழானது. சுட்டுச் சுட்டு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த அவன் கப்பல் அந்தச் சூட்டுக்குள் வரத் தயங்கிப் பின்வாங்கியது. ஏழு நான்காகக் குறைந்ததும் தாவல் விழுந்ததும் ஒன்றாக நடந்தது.

வீட்டுச் சூரியன். பிராணவாயு மூன்று நிமிடம் பத்து வினாடி.

வேகம், தூரம், திசை எல்லாம் அந்தக் கண்ணாடியில்தான் எழுத்தாகத் தெரியும். கண்ணாடியே இல்லாததால் எழுத்தும் இல்லை. கண்ணளவில்தான் ஓட்ட வேண்டும். வேகத்தைக் குறைத்தால் மூச்சு போதாது, கூட்டினால் நிலையத்தைத் தாண்டிப் போய்விடும். தாண்டினால் திரும்பி வர நேரமில்லை. புனிதா கட்டைவிரலால் கப்பலின் மூக்கை இம்மி இம்மியாகத் திருப்பினாள். அவளும் கப்பலில் இருக்கிறவளும் ஒரே தாளத்தில் மூச்சு வாங்குவதை முன்வரிசையில் இருந்தவர்கள் கேட்டார்கள்.

சோமசுந்தரம் போனைக் காதில் வைத்தபடி ஓடிவந்தார். "வந்துட்டாரு! கீழ பார்க்கிங் தேடுறாங்க! ஒரு சுத்து சுத்தி வாம்மா, மாலை போட்டதும் இறங்கலாம்!"

"மூச்சு இல்ல அண்ணே."

"யாருக்கு?"

"எனக்கு."

நிலையத்தில் இறங்க அனுமதி கேட்டாள். பதில் வருவதற்குள் ஒரு யுகம் போயிற்று. திரையில் ஒரு நிமிடம் இருபது. வாசலின் பச்சை விளக்கு மட்டும்தான் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். சுவரில் உரசி நான்கு இரண்டானது. முப்பது வினாடி. ஸ்பீக்கரில் மூச்சு இப்போது விக்கல் மாதிரி வந்தது. யாரோ "முருகா" என்றார்கள். இறங்குதளத்தின் மேல் கப்பலைக் கிட்டத்தட்டப் போட்டாள். பதினொரு வினாடி மிச்சம் இருந்தது.

கைதட்டல் இல்லை. தட்ட யாருக்கும் கை எழவில்லை.

அவள் நாற்காலியில் சாயவில்லை. அலுவலகத்தைத் திறந்து வரைபடங்களை ஒப்படைக்கத் தொடங்கினாள். ஒரு பக்கத்துக்கு ஐம்பது. ஒப்படை, அடுத்த பக்கம். ஒப்படை, அடுத்த பக்கம்.

"நிறுத்து நிறுத்து! அந்தப் பட்டனை டத்தோதான் கைப்பட அமுக்கணும்! நிகழ்ச்சி நிரல்ல இருக்கு!"

அவள் காதில் விழவேயில்லை. நூற்று இருபத்து மூன்றாவது பக்கமும் போனபிறகுதான் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

அந்த நேரத்தில் டத்தோ வந்தார். மாலை விழுந்தது, அவருக்கும் தலைவருக்கும் பொன்னாடை விழுந்தது. அவர் திரையைப் பார்த்து, "என்ன, முடிஞ்சிருச்சா?" என்றார்.

"இல்லீங்க டத்தோ, இப்பதான் ஆரம்பிக்கப் போறோம்" என்ற சோமசுந்தரம், திரும்பி, தேனொழுக, "புனிதா, ஒரு தடவை வெளிய போயி மறுபடி உள்ள வந்துரும்மா. போட்டோ எடுக்கணும்" என்றார்.

"அவன் பின்னாலயே தாவி வந்து வெளிய நிப்பான் அண்ணே."

"அஞ்சு நிமிஷ வேலைலா!"

புனிதா எழுந்தாள். நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "அப்ப நீங்களே உக்காருங்க. தலைவர் ஓட்டிட்டு வந்தாத்தான் போட்டோவுக்கும் நல்லா இருக்கும்."

இந்த மாதிரி ஒரு வாக்கியத்தைக் கேட்டு மறுத்த தலைவர் மலேசியாவில் இதுவரை பிறக்கவில்லை. சோமசுந்தரம் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தார். கப்பலைத் தளத்திலிருந்து கிளப்பும் பொத்தான் எது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அதை அழுத்தக் கை நீட்டினார்.

கை பாதியில் நின்றது. கண்ணாடி இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு பெரிய ஓட்டை. ஓட்டைக்கு அப்பால் நிலையத்து வாசல், வாசலுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. வட்டத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி அசையாமல் நின்றது. புதிதாக ஒரு வரி எழுத்து வந்தது.

'சாயா துங்கு.' நான் காத்திருக்கிறேன்.

முப்பது வருஷமாக மேடை ஏறிப் பழகிய உடம்பு அது. மைக் பழுதானாலும், கூட்டம் கலைந்தாலும் அசையாது. இப்போது அந்தப் பொன்னாடை லேசாக நடுங்கியது. ஸ்பீக்கரிலும் மண்டபத்திலும் ஒரே நேரத்தில் கேட்ட மூச்சில் எது தன்னுடையது என்று அவருக்குத் தெரியவில்லை போலும், ஹெட்போனைக் கழற்றி, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி மேசைமேல் வைத்தார்.

"டத்தோவுக்குப் பசிக்கும்" என்றார், யாரையும் பார்க்காமல். "முதல்ல சாப்பிட்டுடலாம்."

டத்தோவுக்கும் மறுப்பில்லை. மண்டபம் மீகோரெங்கும் கறிபாப்பும் இருந்த பக்கம் நகர்ந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக.

"அக்கா, வரலியா? ஆறிப்போயிரும்" என்றாள் உஷாராணி.

"நீ போ. வந்துர்றேன்."

புனிதா நாற்காலியில் உட்கார்ந்து பட்டியலைத் திறந்தாள். முதல் நட்சத்திரம். கீழே, முதலில் கண்டவர்: புனிதா. இரண்டாவது. கீழே, புனிதா. மூன்றாவதில் நிற்காமல் அம்புக்குறி இரண்டு வரி தாவிவிட்டது. திரையில் வரிக்கு வரி விரல் வைத்துக்கொண்டு, ஒன்றுகூட விட்டுப்போகவில்லை என்று தெரிகிறவரை அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை என்று, முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.