லீலாவின் பாகம்

கூடத்து நாற்காலியில் மனைத் தரகர் சுப்பராயன். எதிரே பெஞ்சில் தசரதன். அடுப்பங்கரை வாசற்படியில் அவன் தங்கை லீலா, தலையைக் கவிழ்த்தபடி. ஜன்னலோரம் தரையில் அக்கா மரகதம். தம்பி சொல்லியனுப்பியதால் படப்பையிலிருந்து மண்ணூருக்கு வந்தவள். மடியில் பரீட்சை அட்டை, வெள்ளைத்தாள். அந்த வீட்டில் முத்துமுத்தாக எழுத வருவது அவளுக்குத்தான்.

“எல்லாத்தையும் மூடச் சொன்னாங்களே, அதான் வினையாப் போச்சு,” என்றார் சுப்பராயன்.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த மறுநாளே கடைகளும் பத்திர ஆபீசும் அரசு உத்தரவில் மூடிக்கொண்டன. பாட்டன் வழி நிலத்தைத் தசரதன் விற்றுப் பதிவு செய்து கொடுக்க இருந்த நாள் அது. ஆபீஸ் திறந்த பிறகும் மனை பார்க்க மெட்ராஸிலிருந்து ஆள் வரவில்லை. வேலை ஓய்ந்த அந்த நாட்களில், நிலத்தை வாங்கி மனை போட இருந்த முதலாளியின் வக்கீல் பத்திரங்களை நிதானமாகப் படித்துவிட்டார்.

“கல்யாணம் ஆவாத பொண்ணுக்கும் பாகம் கீதுன்னு எண்பத்தொம்போதுலயே சட்டம் வந்துட்ச்சாம். லீலா விட்டுக்குடுக்கறேன்னு லெட்டர் போட்டாத்தான் மேல பேச்சுங்கறாரு.”

“எனக்கு?” என்றாள் மரகதம்.

“நீ எண்பத்தெட்டுலயே கல்யாணம் கட்டிக்கினு பூட்டியேம்மா. உன்னை யாரும் கேக்கல.”

மரகதம் தங்கையைப் பார்த்தாள். வந்த வரன்களெல்லாம் சீர் போதாதென்று திரும்பிப் போனபோது, ‘பாவம்’ என்று மரகதம்தான் உச்சுக் கொட்டினாள். இப்போது அந்தப் பாவப்பட்டவள் நிலத்துக்கு உரியவள். கல்யாணம் தள்ளிப்போனது தவிர வேறென்ன செய்தாள் இவள்?

“எழுது யக்கா,” என்றான் தசரதன். “‘என் பாகத்தை அண்ணனுக்கு மனசார விட்டுக்குடுக்கறேன்.’”

லீலா விரலால் வாசற்படியைக் கீறிக்கொண்டிருந்தாள்.

“இன்னா யோசன? உனக்கு மாப்பிள்ள பாக்கறது யாரு? அக்காவப் பாரு. எதுனா கேட்டுச்சா? அது மாதிரி இருந்துட்டுப் போ.”

மரகதத்தின் பேனா நின்றது.

“நா கேக்கலன்னு உனக்கு யார்ரா சொன்னது? கேட்டா குடுத்துருப்பியா?”

“இப்ப எதுக்குக்கா அது?”

“தவமா தவம் கெடந்தாலும் எனக்குக் கெடைக்காதது. அதை இவ சும்மா தூக்கிக் குடுப்பா, அதுக்கு நா எழுதித் தரணும்.” லீலாவிடம் திரும்பினாள். “உன் வாயால சொல்லுடி. குடுக்கறியா?”

தரகர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இல்லக்கா,” என்றாள் லீலா. “என் பாகத்த அளந்து தனியா வுடச் சொல்லு.”

“இந்த வூட்டுச் சோறு தின்னுக்கினு...” என்று எழுந்த தசரதன், செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். தரகர் பின்னாலேயே ஓடினார்.

மரகதம் வேறு தாள் எடுத்தாள். லீலா சொன்னதை வக்கீலுக்கு, நிலத்தின் சர்வே எண்ணோடு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். லீலா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு நான்கு சோற்றுப் பருக்கை கொண்டுவந்து உறையின் வாயில் தேய்த்தாள்.

“எம்மேல கோவமாக்கா?”

“கோவம் இல்லடி. வயித்தெரிச்சல்.”

உறையை வாங்கி ஓரம் விடாமல் அழுத்தி ஒட்டிய மரகதம், தெருமுனைத் தபால்பெட்டிவரை தானே நடந்துபோய்ப் போட்டாள்.