இருநூறு சதவீத ஏற்றம்

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. மாத அறிக்கைப் படிவம். அதில் ‘மாற்றம், சதவீதத்தில்’ என்று ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. எத்தனையிலிருந்து எத்தனை என்று எழுத இடமில்லை. முதலில் ‘மழை பெய்துகொண்டிருந்தது’ என்று தொடங்கினேன். பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

2

மனம்விட்டுப் பேச ஆளில்லாதவர்கள் கூப்பிடும் தொலைபேசிச் சேவை ஒன்று. பேசுவதற்குப் பதில் எழுதி அனுப்ப, புதிதாக ஒரு செயலியும் உண்டு. அங்கே அறிக்கை எழுதும் குமாஸ்தா ஒருவன். வயது நாற்பத்தாறு, தனிக்கட்டை. (ஒரு கதாநாயகனுக்கு இது போதுமா? போதாது. ஆனால் அவனிடம் வேறொன்றும் இல்லை.)

மேலாளர் அறிக்கையைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார்.

“ஆப் இருநூறு சதவீதம் ஏறியிருக்கு! போன் பத்து சதவீதம் இறங்கியிருக்கு. இனிமே போன் எதுக்கு? நாளைக்குக் கமிட்டில சொல்லி லைனைக் கட் பண்ணிடலாம்.”

சதவீதம் இரண்டும் சரி. குமாஸ்தா கணக்கில் புலி. போனில் தொண்ணூறு அழைப்புகள் எண்பத்தொன்றாகியிருந்தன. செயலியிலோ ஒரே ஓர் உரையாடல் மூன்றாகியிருந்தது. எதிலிருந்து என்று கேட்காதவரை இருநூறு பெரிய எண்தான். ஒருவர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் இன்னும் இரண்டு பேர் வந்தால் கூட்டம் இருநூறு சதவீதம் கூடிவிட்டது என்று பேப்பரில் போடலாம். அதற்காக யாரும் நாற்காலி தேடி ஓட வேண்டியதில்லை.

3

அந்த எண்பத்தொன்றில் இருபதுக்கு மேல் ஒரே ஆளுடையவை. லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், கையில் செயலி ஏறாத பட்டன் போன், தினமும் மதியம் மூன்று மணிக்குக் கூப்பிடுவார். போனில் பேசும் அக்கா வெளியே போயிருந்தால் குமாஸ்தா எடுப்பான்.

“சார், இன்னைக்குக் குழாய்க்கு வாஷர் மாத்திட்டேன். இப்ப ஒழுகல.”

“பரவாயில்லையே சார், நீங்களேவா?”

“ஆமா. யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு. வெச்சிடவா?”

லைனை வெட்டிவிட்டால் இந்த மனிதர் இனி

[இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கினேன். ஓடவில்லை.]

4

குமாஸ்தா மேலாளரிடம் போய் உண்மையான எண்களைச் சொல்லிவிட வேண்டியதுதானே? நியாயமான கேள்வி. சொன்னால், அந்த மூன்று யாருடையவை என்று தோண்டுவார்கள். முதல் வரைவில், ‘செயலி வேலை செய்கிறதா என்று பார்க்க அவனே இரண்டு முறை எழுதினான்’ என்று போட்டிருந்தேன். பொய். சோதிப்பதற்காக எழுதவில்லை. இன்னொரு பொய்யும் உண்டு: அது அவன் இல்லை, நான்.

‘ரெண்டு நாளா ஒரு வார்த்தை பேசல. குரல் இருக்கான்னு இருமிப் பார்த்தேன்’ என்று வேறு பெயரில் அடித்து அனுப்பினேன். செயலிக்கும் பதில் சொல்வது, இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த அதே அக்காதான். அவர் பதில் அடித்தார்.

‘இப்ப பக்கத்துல யாராவது இருக்காங்களா?’

நிமிர்ந்து அவர் முதுகைப் பார்த்தேன். ‘இல்ல’ என்று அடித்தேன். மறுவாரமும் எழுதினேன், இன்னொரு பெயரில். வெட்கமாகத்தான் இருக்கிறது.

5

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் கமிட்டி முன் எழுந்து எல்லாவற்றையும் சொல்கிறேன், கைதட்டுகிறார்கள். என் மூஞ்சிக்கு அது ஒட்டவில்லை. மற்றதில் வாயை மூடிக்கொள்கிறேன். மெக்கானிக் கூப்பிடும்போது, இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பதிவுக் குரல் சொல்கிறது. தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்து அவர் மறுபடியும் போடுகிறார்.

இதுவரை எழுதியபோது மேலாளரே என் மேசைக்கு வந்துவிட்டார்.

“கமிட்டிக்கு ரெண்டு வரி வேணும்பா. ஆப்ல பேசினவங்க என்ன சொல்றாங்க?”

“சார், அது மொத்தமே மூணுதான். போன்ல எண்பத்தொண்ணு.”

“மூணா? யாரு அந்த மூணு?”

அக்காவும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

“அதுல ரெண்டு...” என்று ஆரம்பித்துவிட்டேன். மீதி வரவில்லை. நீங்கள் முடிப்பதானால் அக்காவின் முகத்தைப் பார்த்து முடியுங்கள். என்னால் மேசையைத்தான் பார்க்க முடிகிறது.