மாஸ்டருக்கு வன்ஸ்மோர்

கனகரத்தினம் மாஸ்டரைச் சபையில் வைத்து மானங்கெடுக்க வேண்டுமென்று நான் ஒரு வருசம் காத்திருந்தேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? களவெடுத்தவர் சால்வையை மடித்துப் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தித் திரிய, பறிகொடுத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டுமா? பொறுத்தார் பூமி ஆள்வாராம். எனக்குப் பூமி வேண்டாம், அந்த மனிசனின் தொண்டை போதும்.

களவு போனது ஒரு பாட்டு. என் அண்ணை சண்முகநாதன் தொண்ணூற்றிமூன்று தொடக்கத்தில் கிளாலிக் கடலால் வள்ளமேறிக் கொழும்புக்கு வெளிக்கிட்டவர். வள்ளமும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. அண்ணையின் மனைவி பாலேஸ்வரி மச்சாள் செத்தவீடு செய்ய விடவில்லை. "ஆளைக் காணேல்லை எண்டுதானே சொன்னவை" என்பாள். நானும் அவளோடு சேர்ந்து வாசற்படலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழவும் முடியாமல், சும்மா இருக்கவும் முடியாமல் நான் கட்டிய பாட்டு அது.

எங்கள் சனசமூக நிலையத்தில் மாஸ்டர் பழக்கும் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிப்பவள் நான்தான். ஒருநாள் ஒத்திகை முடிந்து எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், தனியே இருந்து அதைப் பாடினேன். மாஸ்டர் பின்னால் வந்து நின்றிருக்கிறார். "அருமையான மெட்டு, பத்மாசினி. இன்னொருக்காப் பாடும்" என்றார். விசரி நான், மூன்று தரம் பாடிக்காட்டினேன்.

ஆண்டுவிழா நோட்டீஸ் வந்தது. "பாடல், இசை, இராசபாகம்: கனகரத்தினம்." கடலுக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கும் ராசாவாக மேடையேறி, என் பாட்டைப் பாடினார். நான் "சண்முகநாதா, என் அண்ணா" என்று வைத்த இடத்தில் "செல்வக் குமாரா, என் மைந்தா" என்று மாற்றியிருந்தார். சபை கைதட்டியது. முன்வரிசையில் இருந்த மச்சாள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அவளுக்கும் அப்படித்தான் என்று எண்ணினேன்.

மறுநாள் மாஸ்டரிடம் நேரே போய்க் கேட்டேன்.

"நாடகமெண்டு வந்தால் எல்லாம் பொதுத்தானே, பத்மாசினி. உம்மடை அண்ணையை ஆருக்குத் தெரியும்?" என்றார்.

பாட்டை எடுத்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆருக்குத் தெரியுமாம்! கோதாரி விழுந்த மனிசன், இருந்து பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இந்த வருசமும் அதே நாடகம்தான் வேண்டுமென்று சனம் கேட்டது. கரண்ட் இல்லாத ஊரில் பகல் மூன்று மணிக்கே நாடகம். மைக்கும் இல்லை, தொண்டைதான் மைக். காலையில் கோலப் போட்டி, பிறகு பாட்டு நின்றதும் ஓடி இடம்பிடிக்கும் பெண்களின் சங்கீதக் கதிரை. அதில் என் சிநேகிதி அற்புதராணி கதிரையோடு விழுந்து, எழும்பி, பரிசையும் வாங்கினாள். பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டதும் எல்லோரும் ஒருதரம் மேலே பார்த்தார்கள். அது பலாலி முகாம் பக்கம் போனதும் கடலைச்சரையைப் பிரித்தார்கள்.

எங்கள் பகுதியில் ஒரு வழக்கம் இருக்கிறது. சபை "வன்ஸ்மோர்" என்று கத்தினால் நடிகர் அந்தப் பாட்டைத் திரும்பப் பாடியே ஆகவேண்டும். மறுத்தவரை அடுத்த வருசம் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். மாஸ்டரோ வன்ஸ்மோருக்காகவே சோறு தின்னுகிற மனிசன். அற்புதராணியிடம் ஒரேயொரு உதவி கேட்டேன். "பாட்டு முடிய முடிய வன்ஸ்மோர் எண்டு கத்து. நான் தலையாட்டுமட்டும் விடாதை."

மாஸ்டரின் குரலுக்கு நாலு கட்டைச் சுருதிதான் அளவு, அதற்குமேல் ஏறாது. முதல்தரம் நாலிலேயே பிடித்தேன். நன்றாகத்தான் பாடினார், பொய் சொல்லக்கூடாது.

"வன்ஸ்மோர்!" என்றாள் அற்புதராணி. பெண்கள் பக்கம் முழுதும் சேர்ந்து கத்தியது. மாஸ்டர் ராசமுடியைச் சரிசெய்துகொண்டு கும்பிட்டார். நான் நாலரையில் எடுத்தேன். மிருதங்கம் வாசித்த அருளம்பலத்தார் சுருதி விலகியதும் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நோட்டீஸில் அவருடைய பெயரும் இல்லை. குனிந்து தொடர்ந்து வாசித்தார்.

மூன்றாம்தரம் ஐந்து. மாஸ்டரின் கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. என்னைப் பார்த்து முறைத்தார், ஆனால் சபை கைதட்டுகிறதே! நான் அற்புதராணிக்குத் தலையாட்டவில்லை. "வன்ஸ்மோர்!" ஐந்தரையில் வைத்தேன்.

"செல்வக் குமாரா" என்று மேலே ஏறினார். "மைந்தா" வரவில்லை. சேவல் கூவினதுபோல ஒரு சத்தம் வந்தது. சபை கொல்லென்று சிரித்தது.

"மாஸ்டர், பனங்கற்கண்டு தரட்டோ?" என்று சைக்கிள்கள் நின்ற பக்கத்திலிருந்து ஒருவன் கேட்டான்.

ஐயோ, அந்தச் சிரிப்பு! என் காதில் தேன் வார்த்தது. மாஸ்டர் முகம் கறுத்து, கையால் என்னைக் காட்டினார்.

"சபையோரே, உது என்ரை பாட்டில்லை! உந்தப் பத்மாசினி கட்டினது. மனிசர் பாடக்கூடிய பாட்டே உது?"

நான் ஆர்மோனியத் துருத்தியை விடவில்லை. ஐந்தரை என் கட்டை, அந்தப் பாட்டைக் கட்டிய கட்டை.

"ஓம், என்ரை பாட்டுத்தான். என்ரை அண்ணை சண்முகநாதனுக்குக் கட்டினது. எப்பிடிப் பாடுறதெண்டு கேட்டுக்கொண்டு நில்லுங்கோ" என்றேன்.

பாடினேன்.

"வெளிச்சமில்லாக் கரையென்று வழிமாறிப் போனாயோ,
கூப்பிட்டால் கேளாத கரைக்கெல்லோ போய்விட்டாய்,
சண்முகநாதா, என் அண்ணா."

பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். மாஸ்டர் போகவும் வழியில்லாமல், நிற்கவும் முகமில்லாமல், ராசமுடியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரி முடியுமட்டும் நின்றார். நிற்கட்டும் என்று இரண்டாந்தரமும் பாடினேன். இப்போது அண்ணையை எல்லாருக்கும் தெரியும்.

மச்சாளைத் தேடினேன். அவளுடைய கதிரை வெறுமையாக இருந்தது. இருட்டுமுன் வீட்டுக்கு ஓடினேன். அவள் அடுப்பு மூட்டாத குசினிக் குந்தில் இருந்தாள்.

"பாத்தீங்களே மச்சாள், அந்தாளின்ரை முகத்தை?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

"போன வருசம் மாஸ்டர் மைந்தா எண்டு பாடேக்கை எனக்கு நிம்மதியா இருந்தது, பத்மா. ஆரோ ஒரு ராசாவின்ரை பிள்ளைதானே போனது, இவரில்லையே எண்டு இருந்திட்டன். அண்டைக்குத்தான் வயிறாற அழுதனான், அதுதான் சாப்பாடு இறங்கேல்லை. இண்டைக்கு நீர் பேரைச் சொல்லிப்போட்டீர். வாசலிலை முன்வீட்டுப் பூரணமக்கா என்ரை கையைப் பிடிச்சு, செத்தவீட்டிலை சொல்லுறமாதிரி, ஆறுதலடையும் பிள்ளை எண்டு சொல்லிப்போட்டுப் போறா."

நான் பக்கத்தில் குந்தினேன். வீதியால் போன சனம் மாஸ்டரின் கூவலைப் பழித்துக்காட்டிச் சிரித்துக்கொண்டு போனது. அந்தச் சிரிப்பு இப்போது எனக்கு ஒரு சதத்துக்கும் உதவவில்லை.

"அவர் வருவாரெண்டு நீரும் நானுமெண்டாலும் இருக்கிறம் எண்டு நினைச்சனான்" என்றாள் மச்சாள். "நீர் அந்தப் பாட்டிலை எப்பவோ அழுது முடிச்சிட்டீர். இனி நான் ஆரோடை சேந்து அவரைப் பாத்துக்கொண்டிருக்கிறது?"