மூன்றாம் மாடிக்கு ஒரே கார்டு

சரக்குப் பெட்டி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த பீம்ராவுக்கு, வியாசர்பாடி குடியிருப்பின் மூன்றாம் மாடியில் திடீரென்று மரியாதை கூடிப்போனது. காரணம், அவன் வாங்கிய டிஷ் ஆன்டெனாவின் ஸ்மார்ட் கார்டு. அதைத் தன் பழைய கம்ப்யூட்டரில் செருகி, மாடியிலுள்ள எல்லா வீட்டுக்கும் வயர் இழுத்து, பர்மா பஜாரில் எடுத்த ரிசீவர்களோடு இணைத்துவிட்டான். ஒரு வீட்டுக்கு மட்டும் கட்டிய சந்தாவில், பூட்டிய சேனல்களைத் திறக்கும் சாவியை அந்த ஒரே கார்டு எல்லா டிவிக்கும் கொடுத்தது.

“டிஷ் கம்பெனிக்காரன் கேட்டா இன்னா சொல்லுவ?” என்றாள் மனைவி எழில்மொழி.

“இது திருட்டு இல்ல மே, சமத்துவம்.”

சமத்துவம் வந்த மறுநாளே அதிகாரமும் வந்தது. “இன்னாபா, சீரியல்ல மாமியாக்காரி தொறந்த வாய மூடாம நிக்கிறா?” என்று எதிர்வீட்டுப் பட்டம்மாள் கதவை இடித்தாள். குளித்துக்கொண்டிருந்தவனைச் சோப்பு நுரையோடு இழுத்துப்போனார் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணப்பன். கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாதென்று மாடியே சொல்லிவிட்டதால், தன் தங்கை கல்யாணத்துக்கு எழில்மொழி தனியாகத்தான் போய்வந்தாள்.

கிரிக்கெட் இறுதி ஆட்டத்தன்று ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு சேனலுக்குச் சாவி கேட்டது. கார்டு திணறியது. பீம்ராவின் டிவியில் பந்து வீச ஓடிவந்தவன் அந்தரத்தில் தொங்கினான். பக்கத்து வீட்டில் விசில் பறந்தது.

பீம்ராவ் அங்கே ஓடினான். “அண்ணே, ஒங்க லைன கொஞ்ச நேரம் கழட்டட்டா?”

“ஒக்காரு நைனா, நம்ம வூட்ல சூப்பரா கீது,” என்றார் கிருஷ்ணப்பன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “சவுண்டுதான் கம்மி. நாளிக்கி வந்து பாத்துடு.”

ரத்தம் கொதிக்க வீடு திரும்பிய பீம்ராவ், கம்ப்யூட்டரிலிருந்து கார்டைப் பிடுங்கித் தன் டிவியின் ரிசீவரிலேயே செருகினான். படம் பளிச்சென்று வந்தது. காலை நீட்டி உட்கார்ந்தான். மாடி முழுவதும் ஒரு கணம் அமைதி. அடுத்த கணம் செருப்புச் சத்தம்.

“எங்க வூட்டுல போச்சு, இங்க கீதே!” என்று பட்டம்மாள் பாயை விரித்தாள். கிருஷ்ணப்பன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் கட்டிலில் ஏறினார்கள். இடம் விட்டு விட்டு நகர்ந்த பீம்ராவ் கடைசியில் வராந்தாவில் நின்றான்.

உள்ளே பெரிய கூச்சல்.

“இன்னா ஆச்சு? அவுட்டா?” என்று எம்பிப் பார்த்துக் கத்தினான்.

“தெர்லபா,” என்றார் கிருஷ்ணப்பன் பரிதாபமாக. “பட்டம்மா சேனல மாத்திடுச்சு.”