முந்தைய நாளே எழுதிய மினிட்ஸ்

அந்தக் கம்பெனியில் போர்டு மீட்டிங்கின் மினிட்ஸ், அதாவது அங்கே நடந்ததன் பதிவு, மீட்டிங்குக்கு முந்தைய நாளே தயாராகிவிடும். எழுதுகிறவள் கம்பெனி செக்ரட்டரி. பழைய மினிட்ஸை நகலெடுத்துத் தேதியையும் பொருளின் பெயரையும் மாற்றினால் வேலை முடிந்தது. இயக்குநர்களும் பெரிய மனது பண்ணி, அதில் இல்லாத எதையும் பேசிவிட மாட்டார்கள்.

இந்த முறை, போனிலிருந்தே இயக்கும் புது வாட்டர் ஹீட்டர். மாற்றம், புதுமை என்று சேர்மன் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் சோதிக்கும் பிரிவுக்குத் தலைவன் அவளுடைய சொந்தத் தம்பி. முந்தைய நாள் மாலை மூச்சிரைக்க மாடியேறி வந்தான்.

"அக்கா, தண்ணி கொதிச்சாலும் கட் ஆக மாட்டேங்குது. நாப்பதுல மூணு அப்படித்தான். இதை வெளிய விட்டா யாராவது வெந்துபோவாங்க."

"ரிப்போர்ட்டைக் குடு. போர்டு பேப்பர்ல சேத்துடறேன். படிச்சா அவங்களே நிறுத்திடுவாங்க."

சேர்த்தாள், இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில். மறுநாள் மீட்டிங்கில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அவளுக்கு அந்தப் பழக்கமே இல்லை.

"எல்லாரும் படிச்சாச்சுல்ல?" என்றார் சேர்மன். ஏழு தலைகள் ஆடின. ஒருவர் தன் பேப்பர் கட்டின் ரப்பர் பேண்டைக்கூடக் கழற்றவில்லை. அவள் நீட்டிய மினிட்ஸில் சேர்மன் கையெழுத்திட்டார்.

ஹீட்டர் கடைக்கு வந்த நாலாம் மாதம் ஒரு பெண் குளியலறையில் வெந்து செத்தாள். விசாரணை வந்தது. தம்பியின் ரிப்போர்ட் இருக்கிறதே என்று, அவள் அவனோடு தைரியமாகத்தான் போனாள்.

"ரிப்போர்ட்டைப் பாத்தோம் சார். இவரையே கூப்பிட்டுக் கேட்டோம். எல்லாம் சரியாயிருக்குன்னு நேர்ல உறுதி குடுத்தாரு. மினிட்ஸ்ல இருக்கே" என்றார் சேர்மன்.

இருந்தது. 'சோதனைப் பிரிவுத் தலைவர் நேரில் வந்து, அனைத்தும் திருப்தி என உறுதியளித்தார்.' எந்தக் காலத்து வரியோ, நகலோடு நகலாக வந்திருந்தது. தம்பி அந்த அறையின் வாசலைக்கூட மிதித்ததில்லை.

"அது முந்தின நாளே எழுதினது சார். இவன் வரவே இல்ல" என்றாள்.

"பன்னெண்டு வருஷமா இவங்க மினிட்ஸ்ல ஒரு தப்பு வந்ததில்ல. கூடப்பிறந்தவன்னா பாசம் இருக்கும், பாவம்" என்றார் சேர்மன். ஏழு தலைகள் மறுபடி ஆடின. விசாரணை அதிகாரி எழுதிக்கொண்டார்.

வெளியே வராந்தாவில் அவள் பொங்கினாள். "படுபாவிங்க. ஒருத்தனாவது அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பாத்திருந்தா..."

தம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மினிட்ஸ் ரெண்டே பக்கம்தானே அக்கா. நீ படிச்சியா?"