மேலே வீடில்லாத படிக்கட்டு

1
இந்தக் கதை என்னுடையதல்ல. கரீபியக் கடலிலுள்ள நெவிஸ் தீவில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரியான வெர்லீன் மினிபஸ்ஸில் வரும்போது சொன்னது. "எழுதிக்கோ. ஆனா என்னை அழ வெச்சிடாத" என்பதுதான் அவளுடைய ஒரே நிபந்தனை. ஆகவே, 'பாழடைந்த கரும்புத் தோட்டத்தில் காற்று ஓலமிட' என்று தொடங்கிய வாக்கியத்தை அடித்துவிட்டேன். அன்று காற்றே இல்லை. இடிபாடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் சோகத்தோடு வருகிறார்கள். இங்கே வசிக்கிற நாங்கள் ஆடு தேடித்தான் போவோம்.

2
வெர்லீனின் தம்பி ஆல்ஸ்டன் லிபர்ட், இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன். விடுமுறைக்கு வந்தவனை வெர்லீன் அந்தப் பழைய தோட்டத்துக்கு அழைத்துப்போனாள். கரும்பு பிழிந்த காற்றாலைக் கோபுரத்துக்குள் மரம் வளர்ந்திருந்தது. சாறு காய்ச்சிய கொப்பரையில் மழைத்தண்ணீர். துரை வீட்டில் மிச்சமிருந்தது கருங்கல் படிக்கட்டு மட்டும். அதற்கு மேலே வானம்.

(அடிமைக்காலம் பற்றி இங்கே இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். இவர்கள் இருவருக்கும் அது தெரியும். உங்களுக்கும் தெரியும். எடுத்துவிட்டேன்.)

3
வெர்லீன் விடுவிடுவென்று உச்சிப்படிக்கு ஏறினாள். இடுப்பில் கைவைத்து, அடிமையை ஏவும் துரைசானி குரலில் அதட்டினாள்.

"டேய் பையா! இஞ்சி பீர் கொண்டாடா, சீக்கிரம்!"

பாட்டில் ஆல்ஸ்டன் கையில்தான் இருந்தது. அவன் சிரிக்கவில்லை.

"அப்படிக் கூப்பிடாதக்கா."

"அட, வெளையாட்டுக்குடா. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறியே!"

"அங்க பஸ்ல ஏறின வெள்ளைக்காரனெல்லாம் என்னை அப்படித்தான் கூப்பிட்டான். 'பையா, மார்க்கெட் வந்தா சொல்லு.' தலை நரைச்சப்புறமும் நான் பையன்தான்."

"போன்ல ஒரு வார்த்தை சொல்லலையேடா."

"உனக்கு கோட்டு போட்ட போட்டோவா அனுப்பிட்டு, இதை எப்படிக்கா சொல்றது?"

வெர்லீனுக்கு அந்த உயரத்தில் நிற்கக் கால் கூசியது.

4
முதலில் எழுதிய முடிவு: அவள் ஓடிவந்து தம்பியைக் கட்டிக்கொண்டு (கூடாது, அழுகை வந்துவிடும்.)

அடுத்தது: அவன் பாட்டிலைக் கல்லில் வீசி (ஆல்ஸ்டன் இஞ்சி பீரை வீணாக்குகிற ஆளில்லை.)

நடந்தது இதுதான். அவள் இறங்கி வரவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, "மிஸ்டர் லிபர்ட், மேல வாங்க" என்றாள்.

அவன் ஏறினான். பாதியில் நின்றான்.

"இந்தப் படியில கால் வெச்சது தெரிஞ்சா அம்மா தோலை உரிச்சிருக்கும்."

"உரிக்கட்டும். அதுக்கு அம்மாவும் ஏறித்தானே வரணும்!"

அப்போதுதான் அவன் சிரித்தான். வயிறு குலுங்கும் சிரிப்பு.

5
உச்சிப்படியில் உட்கார்ந்து இருவரும் ஒரே பாட்டிலில் மாறி மாறிக் குடித்தார்கள். லீட்ஸைப் பற்றி அவன் வெகுநேரம் பேசினான். அதில் ஒரு சொல்லைக்கூட வெர்லீன் எனக்குச் சொல்லவில்லை. கற்பனையில் இட்டு நிரப்ப எனக்குத் தெரியும், செய்யப்போவதில்லை. பெயர் இருக்கும்போதே உங்களை யாராவது வேறெதுவோ சொல்லிக் கூப்பிட்டிருந்தால், அந்த இடத்தை என்னைவிட நீங்கள் நன்றாக எழுதுவீர்கள்.